எந்தக் கரடி வந்துச்சு?

அக்கா,

பழைய தேனடையை வெயிலில் வைத்தால் ஒரு வாசனை வருமே, பாதி மெழுகு, பாதி புளித்த தேன், நனைந்த கோணிப்பையை அடுப்பருகே காயப்போட்ட மாதிரி. இன்று காலை பம்பு செட் அறையைப் பெருக்கும்போது உன் அலுமினியத் தட்டு கிடைத்தது. உர மூட்டைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்தாய். விளிம்பெல்லாம் கறுப்பு மெழுகு. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனேன். அவ்வளவுதான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐப்பசியில் உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று கூட நான் இப்படி அழவில்லை. அன்று வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுக்கவே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

அழுது முடித்து, முகம் கழுவி, தட்டைத் தேய்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு மாந்தோப்புக்குப் போனேன். அங்கே மதியம் ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லியாக வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் 'அதுக்கு இன்னா இப்போ?' என்பார்கள். ஆனால் உன்னிடம் நேராக விஷயத்துக்கு வரவும் முடியாது. "மொதல்லேருந்து சொல்லுடி, பாதிலேருந்து சொன்னா எனுக்கு இன்னா புரியும்" என்பாய். சரி, முதலிலிருந்தே சொல்கிறேன்.

நீ பெரிய மருமகள், நான் சின்ன மருமகள். ஓரகத்திகள் என்றால் ஒருத்தி குழம்பில் இன்னொருத்தி உப்பை அள்ளிப் போடுவாள் என்றுதான் ஊர் எதிர்பார்க்கும். ஆரம்பத்தில் நாமும் ஊரை ஏமாற்றவில்லை. குழாயடியில் யார் குடம் முன்னால் இருக்கிறது, மாமனாருக்கு யார் முதலில் சோறு போட்டது, எல்லாவற்றுக்கும் ஒரு முறைப்பு. நான் விடிவதற்கு முன்பே கம்பெனி வேன் ஏறி, ஊரப்பாக்கம் தாண்டிப் போய், நாளெல்லாம் சட்டைக்குக் காலர் தைத்துவிட்டு, விளக்கு வைத்த பிறகு வருவேன். நீ மாட்டையும் தோப்பையும் பார்த்துக்கொள்வாய். ஒருத்தியை ஒருத்தி வெறுப்பதற்குக் கூட நமக்கு ஒழுங்காக நேரம் கிடைக்கவில்லை.

அப்போதுதான் செங்கல்பட்டில் தேனீப் பயிற்சி, முடித்தால் பெட்டி இலவசம் என்று கேள்விப்பட்டு வந்தாய். பேரைக் கொடுத்துவிட்டுத் தனியாகப் போக பயம். "நீ தான் கம்பெனிக்கெல்லாம் போயிகினு வர்ற, சார்ங்க கிட்ட பேசத் தெரியும்" என்று என் தலையில் ஐஸ் வைத்து இழுத்துக்கொண்டு போனாய். நானும் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டுவிட்டு வந்தேன். உண்மையைச் சொன்னால் தையல் மெஷின் சத்தம் கேட்காத ஒரு நாள் எனக்கு வேண்டியிருந்தது.

அங்கே கொடுத்த புத்தகம் எந்த நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதியதோ, பெட்டியை எதிரிகளிடமிருந்து காப்பது எப்படி என்ற பாடத்தைத் திறந்தால் ஒரே கரடி. கரடி பெட்டியை எப்படிப் புரட்டும், எப்படி உடைக்கும், சுற்றிலும் மின்வேலி எப்படிக் கட்ட வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. படத்தில் ஒரு கரடி தேன் வழியும் வாயோடு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. வகுப்பில் எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். பேசவே பயம் என்று என்னை இழுத்து வந்தவள் நீ, பளிச்சென்று எழுந்து நின்றாய்.

"சார், எங்கூர்ல கரடி இல்ல சார். எங்க மாமனார் தான் கீறாரு. கொஞ்சம் கண்ணு அசந்தா தேனை வழிச்சி நக்கிட்டு வாயத் தொடச்சிகினு போயிடுவாரு. அவுருக்கு இந்த கரண்டு வேலி தாங்குமா சார்?"

கூடம் முழுக்கச் சிரித்தது. பாடம் எடுத்த சாரே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நீ மட்டும் சிரிக்காமல், பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாய். எனக்கு உன்னைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். உனக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தேன். அதுவரை நமக்குள் நடக்காத காரியம் அது.

அன்றிலிருந்து பெட்டிக்கு வரும் எதுவும் நமக்குக் கரடிதான். தோப்பிலிருந்து யார் வந்தாலும் மற்றவள் கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு எந்தக் கரடி வந்துச்சு?" வேனிலிருந்து இறங்கியதும் நான் கேட்பேன். பிறகு நான் கம்பெனியை விட்டு நின்றபின் நீ கேட்க ஆரம்பித்தாய். பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் ரகசியமாக என்னிடம் வந்து, "உங்க தோப்புல நெசமாவே கரடி கீதா?" என்று கேட்டாள். கீது என்றேன். அவள் அதற்கப்புறம் அந்தப் பக்கம் விறகு பொறுக்க வரவே இல்லை.

எத்தனை கரடிகள்! முதல் கரடி எறும்பு. பெட்டி ஸ்டாண்டின் கால்களைக் கொட்டாங்கச்சித் தண்ணீரில் நிறுத்தினோம். சித்திரை வெயிலில் தண்ணீர் மதியத்துக்குள் வற்றிவிடும், எறும்பு அதற்காகவே காத்திருந்த மாதிரி ஏறும். நீ காலில் வேப்பெண்ணெய் தடவினாய். பஞ்சுருட்டான் குருவிகள் கரண்டு கம்பியில் வரிசையாக உட்கார்ந்து, வெளியே கிளம்பும் தேனீயை அந்தரத்திலேயே பிடித்துத் தின்னும். மிரட்டலாம் என்று பழைய சி.டி.களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாய். அவை அதில் அழகு பார்த்துக்கொண்டே தின்றன. மூடியைத் திறந்தால் ஓணான். அடைக்குள் பார்த்தால் மெழுகுப்புழு.

எல்லாவற்றையும்விடக் கடந்தைக் குளவிதான் உனக்குப் பிடித்த கரடி. ஒரு கடந்தை பெட்டி வாசலில் நின்றால் போதும், தேனீக்களை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டே இருக்கும். நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வீட்டிலிருந்த கொசு பேட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாய். பட்டென்று ஒரு சத்தம், கருகிய நாற்றம், உன் முகத்தில் ஒரு சிரிப்பு. ராத்திரி எல்லோரையும் கொசு பிடுங்கும், பேட்டில் சார்ஜ் இருக்காது. உன் வீட்டுக்காரர் கத்துவார். "கொசு கடிச்சா நீ சாவ மாட்ட. கடந்தை கடிச்சா என் பொட்டி பூடும்" என்பாய்.

முதல் வருஷத் தேன் கைக்கு வந்ததும் நான் வேலையை விட்டேன். என் வீட்டுக்காரருக்கு அதில் கொஞ்சம் கூட இஷ்டமில்லை. "மாங்காய் முடியற வரைக்கும் பாரு. அதுக்குள்ள நிமிரலேன்னா மறுபடியும் வேன் ஏறு" என்று கெடு வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சமையல்கட்டிலிருந்தே கத்தினாய்: "அதெல்லாம் அவ பாத்துப்பா. நீ வூட்டுக்கு வரச்சொல்ல மொதல்ல செருப்ப வெளிய கழட்டிட்டு வா." அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனாலும் கெடு கெடுதான். பெட்டி போனால் நான் மறுபடியும் அந்தக் காலருக்குத்தான் போக வேண்டும். தேன் நிற்க வேண்டும் என்று சாமி கும்பிட்டது நீ. நிற்காவிட்டால் என்ன ஆவேன் என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டு திரிந்தது நான்.

மாம்பூ எடுத்த அந்த மார்கழியில்தான் அது வந்தது. தோப்பு மூலைப் பாறை மேல் நாம் வெட்டிப்போட்ட புழு வைத்த பழைய அடை கிடந்தது. மதிய நேரம். பெரிய பழுப்புப் பறவை ஒன்று இறங்கி, கோழி மாதிரி நடந்து வந்து, அடையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு புழுவைக் கொத்தித் தின்றது. தேனீக்கள் மூஞ்சியிலேயே மொய்த்தன, சட்டையே செய்யவில்லை. நான் கல்லை எடுத்தேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"கழுகுடி" என்றாய்.

நம் தோப்பிலிருந்து பார்த்தால் திருக்கழுக்குன்றத்து மலையும் கோயிலும் தெரியும். அந்த மலைக்குத் தினமும் மதியம் கழுகு வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போன கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். காசியில் குளித்துவிட்டு, இங்கே சாப்பிட்டு, ராமேசுவரத்துக்குப் போகும் என்பார்கள். நான் வாழ வருவதற்கு முன்பே அது வருவது நின்றுவிட்டது. எனக்கு அது ஒரு கதை. உனக்கு அது ஒரு காயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து சொன்னாய். உனக்குப் பத்து வயசு. கருங்குழியிலிருந்து உன் அம்மா உன்னைப் பஸ் ஏற்றிக் கூட்டி வந்தாள். அர்ச்சனைத் தட்டு உன் மடியில். பசி தாங்காமல், அம்மா கண் அயர்ந்த நேரம் பார்த்து, சாமிக்கு வைத்திருந்த வாழைப்பழத்தில் ஒன்றை உரித்துத் தின்றுவிட்டாய். தோலை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டாய். மலையேறி வெயிலில் எல்லோரும் காத்திருந்தார்கள். அன்றைக்குக் கழுகு வரவில்லை. "கூட்டத்துல எந்தப் பாவி வந்துகீறாளோ, பாவி இருந்தா வராது" என்று பக்கத்தில் ஒரு அம்மா சொன்னாள். உன் அம்மா தட்டைப் பார்த்தாள், பிறகு உன்னைப் பார்த்தாள். இறங்கும்போது உன் கையைப் பிடிக்கவே இல்லை என்றாய்.

"இப்போ என்னத் தேடிகினு வந்துகீது பாத்தியா" என்று நீ சொன்னபோது உன் கண்ணில் தண்ணீர் நின்றது. கையிலிருந்த கல்லைக் கீழே போட்டேன்.

மறுநாளிலிருந்து மதியமானால் என்னைத் துரத்த ஆரம்பித்தாய். "நீ எட்டப் போ. பாவி இருந்தா வராது."

"நான் இன்னாக்கா பாவம் பண்ணேன்?"

"நேத்து கடந்தைய அடிச்சியே."

"நீ இன்னா பண்ண, அதுக்குப் பூ போட்டியா?"

"அடிப்பாவி, வாயப் பாரு!" என்று சிரிப்பாய். நான் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் நிற்பேன். அங்கிருந்து உன் முதுகு மட்டும்தான் தெரியும்.

இடையில் பெட்டி பார்க்க வந்த பயிற்சி சார் அந்தப் பறவையைப் பார்த்துவிட்டார். "இது தேன் பருந்தும்மா. தேனீப் புழுதான் இதுக்குத் தீனி. மூஞ்சியில செதில் மாதிரி இறகு, கொட்டினாலும் உறைக்காது" என்றார். கோயிலுக்கு வந்துகொண்டிருந்த கழுகு வெள்ளை நிறம் என்று மாமனாரும் சொன்னார். எனக்கு வந்த குஷியைக் கேட்க வேண்டுமா? ஓடி வந்து உன்னிடம் சொன்னேன்: "அக்கா, கரடி விடாத. புஸ்தகத்துல பாத்தோமே, அந்தக் கரடிதான் இது. றெக்க மொளச்சி வந்துகீது."

நீ அடையை வெட்டிக்கொண்டே சொன்னாய்: "பேரு இன்னாவா இருந்தா இன்னாடி? மதியானம் வருதா இல்லியா? தட்டுல வெச்சா துன்னுதா இல்லியா?"

அதற்குள் நீ இந்த அலுமினியத் தட்டைக் கொண்டுவந்திருந்தாய். நான் எரிக்கும் பழைய அடையை எல்லாம் நீ அதில் வைத்துப் பாறை மேல் படைத்தாய். அது தட்டுக்கு வந்து தின்றுவிட்டுப் போனது, பெட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புத்தகத்தில் மின்வேலி என்று எழுதியிருந்த இடத்தில் நீ சாப்பாடு போட்டாய், அது வேலை செய்தது. எனக்கு எரிச்சல்தான், ஆனால் வேலை செய்தது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தோப்புக்குப் புண்ணாக்கு மூட்டை ஏற்றி வந்த ஷேர் ஆட்டோ குமார் அதைப் பார்த்துவிட்டான். நீ சும்மா இருக்காமல், "அண்ணாத்த, நம்ம மலைக் கழுகு, தெரிதா?" என்றாய். அவன் செல்போனில் படம் பிடித்து, 'திருக்கழுக்குன்றம் கழுகு மீண்டும் வந்தது' என்று எழுதி, உள்ள குரூப்புக்கெல்லாம் அனுப்பிவிட்டான். முதல் நாள் தெருக்காரர்கள் வந்தார்கள். அப்புறம் பக்கத்து ஊர். வெள்ளிக்கிழமை மாமல்லபுரம் ரோட்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் நடந்து வந்தார்கள். கற்பூரம், தேங்காய், சர்க்கரைப் பொங்கல், சீப்புச் சீப்பாக வாழைப்பழம்.

நீ எல்லோருக்கும் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாய். ஒரு கிழவி உன் காலில் விழுந்தாள். 'கழுகம்மா' என்று உனக்குப் பேரே வைத்துவிட்டார்கள். பெரிய மருமகள் என்பதைத் தவிர இந்த ஊரில் உனக்கு வேறு பேர் இருந்ததில்லை. நீ தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டாய். நடையே மாறிப்போயிற்று. எனக்குப் பொறாமையாகக் கூட இருந்தது. ஆனால் அழகாக இருந்தாய், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வாழைப்பழம் வந்தால் மலையிலிருந்து குரங்கு இறங்காதா? இறங்கியது. ஒன்றல்ல, ஒரு கூட்டம். பழம் தீர்ந்ததும் பெட்டிகளின் மேல் ஏறின. மூடியைக் கழற்றி எறிந்தன. ஒரு பெட்டியைத் தள்ளிவிட்டுவிட்டன. அடை முறிந்து மண்ணில் கிடந்தது, வெள்ளைப் புழுக்கள் வெயிலில் நெளிந்தன, தேனீக்கள் மாங்கிளையில் போய்க் கொத்தாகத் தொங்கின. நாம் பிடிப்பதற்குள் எழும்பி மலைப் பக்கம் போய்விட்டன. மறுநாள் இன்னொரு பெட்டி. அதற்கு மறுநாள் இன்னொன்று. காதை வைத்துக் கேட்டால் அந்தப் பெட்டிகளுக்குள் ஒன்றுமே கேட்காது. அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் கத்தவில்லை. மெதுவாக, "வேன்காரர் கிட்ட சொல்லி வெக்கட்டா?" என்று கேட்டார். கத்தியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

புத்தகத்துக் கரடி கடைசியில் வந்தேவிட்டது, அக்கா. அதே மாதிரி புரட்டியது, அதே மாதிரி உடைத்தது. நாம்தான் பொங்கல் வைத்துக் கூப்பிட்டிருந்தோம்.

அந்தச் சத்தத்தில் பறவையும் வருவதை நிறுத்திக்கொண்டது. வந்தவர்கள் வெயிலில் காத்திருந்து காத்திருந்து முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். நான் வாழைப்பழத்தை எல்லாம் கூடையில் வாரிக்கொண்டு, "போதும், எல்லாம் கெளம்புங்க! எங்க பொழப்பு நாசமாப் போவுது" என்று கத்தினேன். அது பருந்து, கழுகில்லை என்றும் சொன்னேன். அவ்வளவுதான். "சாமியப் போயி பருந்துன்றா பாரு. இவ இருந்தா எப்படி வரும்? இந்தச் சின்னவதான் அந்தப் பாவி" என்றாள் ஒருத்தி. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. குமார் கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

நீ சொம்பைக் கீழே வைத்தாய்.

"ஏ, அவள இன்னா பாக்கறீங்க? பாவி நானு" என்றாய். "பத்து வயசுல சாமிக்கு வெச்ச பழத்தத் துன்னவ நானு. அன்னிக்கி மலையில அம்மாம் பேரு நின்னாங்க, நான் நின்னதால வரல. இங்கயும் நான் நிக்கறேன், வரல. நான் கீற எடத்துக்கு அது வராது. இது என் தோப்பு, நான் எங்க போவேன்? நீங்க மலைக்குப் போங்க. அங்க வந்தாலும் வரும்."

உன் காலில் விழுந்த கிழவிதான் முதலில் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பின்னாலேயே மற்றவர்கள். போகிற போக்கில் ஒருத்தி உன் மேல் படாமல் புடவையை ஒதுக்கிக்கொண்டு போனாள், நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். தலையிலிருந்த கனகாம்பரத்தை எடுத்துத் தண்ணீர்ச் சொம்புக்குள் போட்டுவிட்டு, பெட்டி மூடிகளைக் கயிறு போட்டுக் கட்டலாம் வா என்றாய்.

கட்டினோம். மூடி மேல் கல்லும் வைத்தோம். பழம் நின்றதும் குரங்குகள் சில நாள் சுற்றிப் பார்த்துவிட்டு மலைக்கே போய்விட்டன. மிச்சமிருந்த பெட்டிகள் பிழைத்தன. புங்கம்பூ பூத்தபோது அவற்றையே பிரித்துப் புதுக் கூட்டம் வைத்தோம். மாங்காய் முடியும் முன்னே என் வீட்டுக்காரர் தானாகவே தேன் அடைக்கப் பாட்டில் வாங்கி வந்தார். நான் அதற்கப்புறம் அந்த வேனில் ஏறவே இல்லை. இன்று நான் சாப்பிடுகிற சோறு அன்று நீ எல்லோர் முன்னாலும் சொன்ன அந்தச் சொல்லால் வந்தது.

ஆனால் நீ மதியத்தில் தோப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாய். நான் எவ்வளவு சண்டை போட்டேன்! "கூட்டத்தத் தொரத்த சொன்னதுதானேக்கா? கரடி தானே வுட்ட?"

"கரடின்னுதான் நானும் நெனச்சிகினு வாயத் தொறந்தேன். சொல்லச்சொல்ல தெரிஞ்சிபோச்சி, உள்ள இருந்துதான் வருதுன்னு" என்றாய்.

அப்புறம் வந்த மார்கழிகளிலும் தட்டை மட்டும் நீ விடவில்லை. மதியத்துக்கு முன்பே அடையை வைத்துவிட்டு வந்துவிடுவாய். என்னையும் நிற்க விடமாட்டாய். சாயங்காலம் போய்ப் பார்த்தால் தட்டு காலியாக இருக்கும். "காக்கா துன்னுட்டு இருக்கும்" என்று வேண்டுமென்றே சீண்டுவேன். நீ என்னைத் திட்ட வேண்டும், அடிப்பாவி என்று கத்த வேண்டும் என்றுதான். நீயோ "இருக்கும்" என்று சொல்லிவிட்டு அரிசி களைவாய். அந்த 'இருக்கும்' எனக்கு என்னவோ செய்யும், அக்கா.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ நல்ல நினைவோடு பேசிய அன்று, சாப்பாட்டுக் கூடையோடு மழையில் நனைந்து வந்தேன். பேச முடியாமல் மூச்சிரைத்துக்கொண்டே, "எந்தக் கரடி வந்துச்சு?" என்றாய். மழைக்கு எந்தக் கரடியும் வரலக்கா என்றேன். "பனி பொறந்தா வரும்" என்றாய். என் தலையை உன் புடவையால் துடைக்கப் பார்த்தாய், கை எட்டவில்லை. நான் குனிந்து கொடுத்தேன்.

இப்போது பனி பிறந்துவிட்டது. இன்று மதியம் தட்டில் பழைய அடையை வைத்துப் பாறை மேல் வைத்தேன். கிளம்பத்தான் திரும்பினேன். அப்படியே கோபம் வந்துவிட்டது. பாவியாம் பாவி! வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், நான் நகரப்போவதில்லை என்று நின்றேன். ஒளியவில்லை. மரத்துக்குப் பின்னால் கூடப் போகவில்லை. வெயிலில், தட்டுக்கு எதிரிலேயே நின்றேன். தேனீக்கள் மாம்பூவுக்கும் பெட்டிக்கும் போய் வந்துகொண்டிருந்தன.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். நேற்றுத்தான் உன் கொசு பேட்டால் கடந்தைகளை அடித்தேன். முந்தா நாள் குழாயடியில் ஒருத்தியை வாய்க்கு வந்தபடி பேசினேன். இன்று அழுததில் குளிக்கவும் இல்லை. சாமிக்கு வைக்க வாங்கிய பழத்தில் ஒன்றைக் காலையில் நானே தின்றுவிட்டுத்தான் தோப்புக்கு வந்தேன். வேண்டுமென்றே தின்றேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அது வந்தது. புளிய மரத்திலிருந்து இறங்கி, பாறையில் நடந்து, என்னை ஒருமுறை பார்த்தது. மஞ்சள் கண், சின்னத் தலை, புறா மாதிரி மூஞ்சி. அப்புறம் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அடையைக் காலால் அழுத்திக்கொண்டு நிதானமாகத் தின்றது. நான் இருமினேன், போகவில்லை. மூக்கைச் சிந்தினேன், போகவில்லை. வயிறு நிறைந்தபின்தான் பறந்தது.

இவ்வளவு பெரிய பாவி எதிரில் நிற்கும்போதே வந்து தின்றுவிட்டுப் போகிறது. பத்து வயசுப் பிள்ளை பசியில் தின்ற ஒரு வாழைப்பழத்துக்காகவா அன்று மலைக்கு வராமல் போயிருக்கும்? பசியில்லாமல் இருந்திருக்கும், அக்கா. வேறு எங்கேயாவது சாப்பாடு கிடைத்திருக்கும். உன் அம்மா கையைப் பிடித்தபடியே உன்னை இறக்கிக் கூட்டிப் போயிருக்கலாம். நீயும் இங்கே தினமும் நின்று பார்த்திருக்கலாம்.

தட்டைத் தேய்க்காமல்தான் வைத்திருக்கிறேன். நாளைக்கும் வைப்பேன். இன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்படியைப் பார்த்து நின்றேன், நீ கேட்பாய் என்று. யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, நானே சொல்கிறேன்.

உன் கரடிதான்க்கா வந்துச்சு. நான் எதிர்ல நிக்கச்சொல்லவே வந்துச்சு.